மோட்டாரை நிறுத்தச் சொல்வது யார்?

தமிழ்நாட்டின் கிணற்றுப் பாசன ஊர்களில் பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் பரவிய கருவி ஒன்று உண்டு. மோட்டார் கொட்டகைக்குள் பழைய ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அதைவிடச் சிறிய ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டுத் திண்ணையிலிருந்தோ பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்திலிருந்தோ விவசாயி அந்த எண்ணுக்கு அழைத்தால், மும்முனை மின்சாரம் வந்திருக்கிறதா என்று பெட்டி சொல்லும். ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடத் தொடங்கும். செல்போன் ஸ்டார்ட்டர் என்பது ஊர்ப் பெயர். இது ஏன் தேவைப்பட்டது என்பதை விவசாய மின்சாரத்தின் கதை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று மும்முனை மின்சாரம் முறைவைத்துக் கொடுக்கப்பட்ட காலம் நீண்டது. இரவுக் கரண்ட் எப்போது வருமென்று விழித்திருந்து, டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் ஈரக்கையில் பாயும் மின்சாரத்துக்கும் பயந்து மோட்டார் போட்ட தலைமுறை இன்னும் வயலில்தான் இருக்கிறது. இதே சிக்கலுக்குப் புனேயில் உருவான நானோ கணேஷ் என்ற கருவி 2009-ல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் பரிசு பெற்றது. அதன்பின் எத்தனையோ நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கின. தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறையும் மானியத்தில் கொடுக்கிறது. சென்சாரும் கைபேசியும் விவசாயத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு, ஒரு இடத்தில் ஏற்கெனவே மாற்றிவிட்டன என்று இந்தப் பெட்டியைக் காட்டலாம்.

ஆனால் அந்தப் பெட்டி பார்ப்பது கரண்டை, வயலை அல்ல. மின்சாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் உண்டு. செடியின் வேருக்கு இன்றைக்குத் தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. மின்சாரம் வந்ததும் தானாகவே மோட்டாரை ஓடவிடும் ஆட்டோ அமைப்பில் வைத்துவிட்டால், மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் தண்ணீர் பாயும். மண்ணின் ஈரத்தை அளந்து 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் கருவிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் அவற்றை மலிவாகவும் எளிதாகவும் செய்து காட்டியிருக்கின்றன. மோட்டாரைப் போடும் கருவியைச் சொந்தக் காசில் வாங்கிய அதே விவசாயி, நிறுத்தச் சொல்லும் கருவியைத் தேடிப் போகவில்லை. இதற்குக் காரணம் விலை என்பார்கள், படிப்பறிவு என்பார்கள், பழக்கம் என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சிறு பெட்டிக்குள்ளேயே இந்த மூன்றையும் மறுக்கும் சான்று ஒன்று இருக்கிறது.

கிணற்றில் தண்ணீர் வற்றி, குழாயில் வெறும் காற்று வரும்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் எரிந்துவிடும். அதைத் தடுக்க 'டிரை ரன்' பாதுகாப்பு என்ற வசதி உண்டு. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறைவதைக் கண்டு அது தானாகவே நிறுத்திவிடும். மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டாலும் அப்படியே. இவையும் சென்சார்கள்தான், இவையும் 'நிறுத்து' என்றுதான் சொல்கின்றன. இவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க எந்த விவசாயியும் தயங்குவதில்லை. கடைக்காரரிடம் முதலில் கேட்பதே அதைத்தான். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே தூக்க வண்டி வாடகை, ஆள் கூலி, காயில் கட்ட ஆயிரக்கணக்கில் செலவு, அதற்குள் வாடிப் போகும் பயிர் எல்லாம் அவர் தலையில் விழுகின்றன என்பதே காரணம். நிறுத்தினால் லாபம் தனக்கு என்று தெரிந்த இடத்தில் அவர் கருவியின் பேச்சை உடனே கேட்கிறார். மண்ணின் ஈரத்தைப் பார்த்து நிறுத்தினால் லாபம் யாருக்கு? மின்வாரியத்துக்கு, நிலத்தடி நீருக்கு, பேரப்பிள்ளைகளுக்கு. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், அவருடைய இந்த மாதக் கணக்கில் அது எங்கும் வரவில்லை. என் வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது: ஒரு கருவி வயலில் நிலைப்பதும் துருப்பிடிப்பதும் அதன் துல்லியத்தைப் பொறுத்தல்ல, அது அளந்து சொன்னபடி நடப்பவருக்கு அந்த அளவின் பலன் போய்ச் சேருகிறதா என்பதைப் பொறுத்தது.

கருவிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். டென்சியோமீட்டர் என்பது நுனியில் மண்சட்டி போன்ற நுண்துளைக் கிண்ணம் பொருத்திய, தண்ணீர் நிரப்பிய ஒரு குழாய். அதை வேர் இருக்கும் ஆழத்தில் புதைத்துவைத்தால், மண் காயக் காயக் குழாயிலுள்ள தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சும் விசையை மேலே இருக்கும் மானி காட்டும். வேர் எவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை இழுக்கிறதோ அந்தப் பாட்டையே அது அளக்கிறது என்பதுதான் அதன் அழகு. கோயம்புத்தூரில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இன்னும் எளிது. கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கம்பிகளை மண்ணில் குத்தினால் ஒரு விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம். பச்சை என்றால் போதுமானது. ஆரஞ்சு என்றால் குறைந்துவருகிறது, பாய்ச்சத் தயாராகலாம். சிவப்பு என்றால் இனியும் தாமதிக்கக் கூடாது. எண்ணும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். படிப்பறிவு இல்லாததால்தான் கருவி பரவவில்லை என்ற வாதம் இந்த நான்கு விளக்குகளுக்கு முன்னால் நிற்காது.

உருவத்தில் எளிய இந்தக் கருவிகள் தீர்க்கும் சிக்கல் எளியதல்ல. சந்தையில் இன்று விற்கும் மின்னணு ஈரச் சென்சார்கள் பல, மண்ணின் கன அளவில் இத்தனை சதவீதம் தண்ணீர் என்று கைபேசித் திரையில் ஒரு எண்ணைக் காட்டுகின்றன. 20 சதவீதம் என்று காட்டினால் என்ன பொருள்? மணற்பாங்கான நிலத்தில் அது பயிர் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்கும் நிலை. கரிசலில் அதே 20 சதவீதம் பயிர் வாடத் தொடங்கும் நிலைக்குப் பக்கம். தண்ணீர் இருக்கும், களிமண் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. மண்ணில் உப்பு ஏறியிருந்தால் மலிவான சென்சாரின் அளவே தடுமாறும். சொட்டுநீர்க் குழாயின் வாய்க்கு நேர் கீழே புதைத்தால் எப்போதும் ஈரம் என்று சொல்லும், இரண்டடி தள்ளிப் புதைத்தால் எப்போதும் வறட்சி என்று சொல்லும். ஒரு சென்சார் பார்ப்பது கைப்பிடி மண்ணை மட்டுமே. அந்த எண்ணை, இந்த மண்ணில் இந்த வயதுப் பயிருக்கு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற பேச்சாக மாற்றித் தராத செயலி, எவ்வளவு அழகான வரைபடம் காட்டினாலும் பயனில்லை. விற்பவர்கள் சென்சாரை விற்கிறார்கள். இந்த மொழிபெயர்ப்பைச் செய்யும் வேலையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வேளாண் பல்கலைக்கழகமும் வட்டார வேளாண் அலுவலகமும் செய்ய வேண்டிய வேலை அது என்பது என் கருத்து.

அனுபவசாலி விவசாயிக்குக் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தே பதம் சொல்பவர்கள், இலையின் சுருட்டலைக் கண்டே தாகம் அறிபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கண் பார்ப்பது மேல் மண்ணை. கரிசல் மேலே வெடித்துக் கிடக்கும்போது ஒன்றரை அடிக்குக் கீழே ஈரம் நிறைந்திருப்பதும், செம்மண்ணின் மேற்பரப்பு நனைந்திருக்க வேர்ப்பகுதி காய்ந்திருப்பதும் உண்டு. இலை வாடிக் காட்டும்போது விளைச்சலில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த அனுபவம் தினமும் வயலில் நிற்பவருடைய சொத்து. பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்க, வயதான பெற்றோர் பண்ணையம் பார்க்கும் குடும்பங்களும், வேறு ஊர்க்காரர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புதிய மண்ணில் பயிர் வைப்பவர்களும் இன்று மிக அதிகம். அவர்களுக்குக் கருவி என்பது அனுபவத்துக்குப் போட்டி அல்ல, அனுபவம் இல்லாத இடத்தில் ஒரு கைத்தடி. நெல்லுக்கு உரமிட வந்த இலை வண்ண அட்டை இப்படித்தான் வேலை செய்கிறது. பச்சை நிறத்தின் படிகள் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையில் இலையை வைத்து ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழே, மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழே நிறம் வெளுத்தால் மட்டும் தழைச்சத்து இடு என்கிறது பரிந்துரை. அதில் பேட்டரி இல்லை, சிக்னல் வேண்டாம். யூரியா மூட்டைக்குக் காசு கொடுப்பவர் விவசாயி என்பதால் சேமிப்பும் அவருக்கே.

சேமிப்பு அவருக்குப் போகாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் நல்ல பாடம். அங்கும் 1997 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். அங்கும் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருக்கிறது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கென்றே டென்சியோமீட்டரை எளிமையாக்கியது. மானியில் எண்ணுக்குப் பதிலாக நிறப் பட்டைகள். நீர்மட்டம் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று பார்த்துப் பாய்ச்சினால் போதும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான விவசாயிகளின் வயல்களில் வைத்துப் பார்த்தபோது, விளைச்சல் குறையாமல் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமானது. கருவி வேலை செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. விலையும் சில நூறு ரூபாய்தான். அப்படியிருந்தும் அது பஞ்சாப் முழுதும் பரவிவிடவில்லை. பிறகு 2018-ல் அந்த மாநில அரசு வேறு வழியில் முயன்றது. 'பானி பச்சாவோ, பைசே கமாவோ' என்பது திட்டத்தின் பெயர். தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி என்று பொருள். இலவச மின்சாரம் அப்படியே தொடரும். ஆனால் விரும்பிச் சேரும் விவசாயிக்கு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு அளவு குறிக்கப்படும். அதற்குக் கீழே அவர் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். முதலில் ஆறு மின்பாதைகளில் தொடங்கினார்கள்.

4 ரூபாய் என்பது அற்பமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர். ஒரு முறை இரண்டு அங்குலம் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். 300 அடி ஆழத்திலிருந்து அதை மேலே தூக்க, எந்த விரயமும் இல்லாத மோட்டாருக்கே 50 யூனிட் வேண்டும்; நடைமுறையில் பாதிக்குப் பாதி விரயம் என்று வைத்தால் 100 யூனிட். சென்சார் சொன்னதைக் கேட்டு ஒரே ஒரு தண்ணீரை விட்டுவிட்டால் 400 ரூபாய். ஒரு பருவத்தில் இப்படி நான்கு தண்ணீர் மிச்சமானால் கருவியின் விலையே திரும்பி வந்துவிடும். நம் மேற்கு மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் 800 அடி, 1000 அடி என்று போகின்றன. அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் ஆகும் மின்சாரம் இதைவிட அதிகம். மின்வாரியத்துக்கு மானியமாக அரசு கொடுக்கும் பணத்தில் ஒரு துளியை இப்படி விவசாயிக்குத் திருப்பினால், இலவச மின்சாரத்தின் மீது கை வைக்காமலே மோட்டாரை நிறுத்துவதற்கு ஒரு காரணம் பிறக்கும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 2020-ல் எடுத்த நிலத்தடி நீர் மதிப்பீட்டில், மாநிலத்தின் 1166 குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிகை நுகர்வு என்று குறிக்கப்பட்டவை. மழை தருவதைவிட அதிகமாக எடுக்கும் இடங்கள் அவை.

இதைச் சொன்னவுடன் மேற்கு மாவட்ட விவசாயி ஒருவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: மோட்டாரில் மீட்டர் மாட்டப் பார்க்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு 50 ஆண்டுகளுக்கு மேலான வரலாறு இருக்கிறது. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகருக்குள் வந்து நின்றன. அந்தப் போராட்ட மரபின் பலன்தான் பின்னர் வந்த இலவச மின்சாரம். ஆகவே மோட்டார் கொட்டகைக்குள் எதை அளந்தாலும், நாளைக்கு அது பில்லாக வரும் என்ற அச்சம் அறியாமை அல்ல. பட்டுத் தெரிந்த அறிவு. சென்சார் நிறுவனமோ அரசோ இந்த அச்சத்தைத் துச்சமாக நினைத்தால் கருவி வயல் ஏறாது. அளவு யாருக்குத் தெரியும், எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை எழுத்தில் உறுதி தர வேண்டும். சேர்வதும் விலகுவதும் விவசாயி விருப்பமாக இருக்க வேண்டும். பஞ்சாப் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் காசு மட்டுமல்ல, அந்த விருப்பச் சேர்க்கையும்தான்.

உண்மையில் தமிழக விவசாயிக்கு அளவுக் கருவிகள் புதியவை அல்ல; அவற்றோடு அவர் தினமும் வாழ்கிறார். கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் பால் ஊற்றும்போது, சிறு மாதிரியை எடுத்து ஒரு இயந்திரத்தில் வைக்கிறார்கள். கொழுப்பு இத்தனை, கொழுப்பல்லாத திடச்சத்து இத்தனை என்று எண்கள் தெரிகின்றன, அதற்கேற்ப விலை. கைக்குச் சீட்டு வரும் இடங்களில் அந்த எண் சரியா என்று சண்டை போடக்கூட அவரால் முடிகிறது. எந்தத் தீவனம் போட்டால் எண் ஏறுகிறது என்று மாடு வளர்க்கும் பெண்கள் துல்லியமாகச் சொல்வார்கள். டெல்டா விவசாயி அறிந்த கருவி வேறு: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதமானி. 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழைக்காலங்களில் மத்திய அரசு 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு, தளர்வு வருவதற்குள் நெல் முளைத்துப் போனதும் உண்டு. அந்தக் கருவியின் எண் விவசாயிக்குத் தெரியவருவது நெல்லை வண்டியில் ஏற்றி, கூலி கொடுத்து, நிலையத்தில் இறக்கி, சாலையில் கொட்டிக் காவல் காத்த பிறகு. பால் எண் அவருக்குப் பயன்படுகிறது, நெல் எண் அவர் மீது பயன்படுத்தப்படுகிறது. இரண்டும் அளக்கும் கருவிகள்தான்; யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் எண் தெரிகிறது என்பதே வேறுபாடு.

கைபேசித் தகவலுக்கும் இதுவே பொருந்தும். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. 1997-க்குப் பின் வட கேரளக் கடலோரத்தில் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது மத்தி மீன் வியாபாரம் எப்படி மாறியது என்று அவர் பார்த்தார். கடலிலிருந்தே கரைக்குப் பேசி எந்தத் துறையில் விலை நன்றாக இருக்கிறதென்று கேட்டு அங்கே படகைத் திருப்ப முடிந்ததால், வாங்க ஆளின்றி மீனைக் கொட்டும் நிலை மறைந்தது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இதைப் படித்து உற்சாகமான பலர், விவசாயிக்கும் சந்தை விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் போதும் என்று நம்பினார்கள். ஆய்வாளர்கள் மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் இருவரும் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் அப்படியொரு குறுஞ்செய்திச் சேவையைச் சோதித்துப் பார்த்தார்கள். விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. மீனவரால் படகைத் திருப்ப முடியும். அறுவடை முடிந்து, ஏற்கெனவே கைநீட்டிக் கடன் வாங்கிய வியாபாரிக்கே கொடுத்தாக வேண்டிய விவசாயிக்கு வேறு சந்தையின் விலை தெரிந்து என்ன ஆகப்போகிறது? மாற்றி முடிவெடுக்கும் வழி இல்லாதவருக்குத் தகவல் மனவருத்தத்தை மட்டுமே தரும். ஆனால் கைபேசி ஆலோசனை எதற்கும் உதவாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. எந்த உரம், எந்த அளவு, எந்த நாள் என்று விவசாயி தானே முடிவெடுக்கக்கூடிய விஷயங்களில் கைபேசி வழி ஆலோசனைகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து, நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் அவர் சகாக்களும் 2019-ல் எழுதினார்கள். விளைச்சல் சராசரியாக 4 சதவீதம் கூடியிருந்தது. 4 சதவீதம் புரட்சி அல்ல. ஆனால் ஒரு குறுஞ்செய்தியின் செலவுக்கு அது மிக நல்ல வரவு.

காவிரி டெல்டாவில் இந்தச் சிக்கல் இன்னொரு முகம் காட்டுகிறது. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுத்தாலே போதும் என்பதைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உலகமெங்கும் பரப்பிவருகிறது. இதற்கான கருவி ஒரு அடி நீளமுள்ள, பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். வயலில் பதித்து உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பயிர் பஞ்சமறியாது. அதன்பின் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சில இடங்களில் இதே குழாய்க்குள் சென்சாரைப் பொருத்திக் கைபேசிக்குச் செய்தி அனுப்பவும் செய்கிறார்கள். தண்ணீரில் 30 சதவீதம் வரை மிச்சம், மீத்தேன் வாயுவும் பெருமளவு குறைகிறது. குழாய்க் கிணறு வைத்துக் குறுவை செய்பவருக்கு இது பொருந்தும். ஆற்றுப் பாசனத்தை நம்பியவருக்கு? வாய்க்காலில் முறைவைத்து வரும் தண்ணீர் இன்று வந்தால் அடுத்து எப்போது என்று நிச்சயமில்லை. குழாய் 'இன்னும் நான்கு நாள் தாங்கும்' என்று சொன்னாலும், வந்த தண்ணீரை மடை திறந்து கட்டி வைப்பதுதான் அவர் நிலையில் அறிவுள்ள செயல். இங்கே சென்சார் பொருத்த வேண்டிய இடம் அவர் வயல் அல்ல, வாய்க்காலின் தலைப்பும் கடைமடையும். மேட்டூரில் ஜூன் 12-ல் மதகு திறக்கும் செய்தி நாளிதழ்களில் முதல் பக்கத்தில் வருகிறது. என் வாய்க்காலில் எந்த நாள், எத்தனை நாள் தண்ணீர் ஓடும் என்ற செய்தி கைபேசிக்கு வந்தால், அது பொய்க்காமலும் இருந்தால், அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கு டெல்டாவில் வேலை பிறக்கும். விவசாயியைத் திருத்துவதற்கு முன்னால் நீர்வளத்துறை அளந்து சொல்ல வேண்டிய அளவு அது.

சிறு நிலத்துக்குச் செலவு கட்டுமா என்ற மறுப்பு நியாயமானது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதில் சென்சார், சிம் கார்டுக்கான ரீசார்ஜ், ஆண்டுச் சந்தா, பழுது பார்க்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் கையைக் கடிக்கும். எலி கடித்த ஒயர், இடியில் போன பலகை, மூடப்பட்ட நிறுவனத்தின் செயலி என்று வயலில் கருவிகள் சாகும் விதங்கள் பல. அதனால் ஆளுக்கொரு சென்சார் என்ற கனவை நான் ஏற்கவில்லை. ஒரே மண்வகையில் ஒரே பயிர் வைத்திருக்கும் இருபது பேருக்கு இரண்டு மூன்று வயல்களில் நல்ல கருவி இருந்தால் போதும். மற்றவர்களுக்கு அதை ஒட்டிய செய்தியும், கையில் குத்திப் பார்க்கும் ஈரங்காட்டியும் போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருக்கலாம், கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கலாம். மோட்டார் காயில் கட்டும் கடை ஒவ்வொரு சந்தையூரிலும் இருப்பதால்தான் மோட்டார் நிலைத்தது. சென்சாரைப் பிரித்துப் பார்க்க ஊரில் ஆள் இல்லாதவரை அது விருந்தாளிதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் பண்ணை இயந்திரங்களைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையை விவசாயிகளுக்கு 2023-ல் சட்டமாகவே கொடுத்தது. மானியத்தில் கருவி கொடுக்கும் நம் அரசும் இதை டெண்டர் நிபந்தனையாக வைக்க முடியும்.

வயலில் மிச்சமாகும் தண்ணீர் கடைசியில் மிச்சமே ஆவதில்லை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. சொட்டுநீரால் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் ஒரு ஏக்கர் கூடுதலாகப் பயிர் வைப்பதும், குறைந்த தண்ணீர்ப் பயிரிலிருந்து வாழைக்கும் கரும்புக்கும் மாறுவதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2018-ல் ஆய்வாளர் குவென்டின் கிராஃப்டனும் மற்றவர்களும் இதைப் பாசனத் திறனின் முரண் என்று எழுதினார்கள். இதை என்னால் மறுக்க முடியாது. கருவி மட்டும் நிலத்தடி நீரைக் காக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. மிச்சம் பிடித்த யூனிட்டுக்குக் காசு கிடைத்தால், அந்தத் தண்ணீரை நிலத்திலேயே விட்டுவைப்பதற்கும் ஒரு விலை ஏற்படுகிறது. இல்லையென்றால் அவர் அதை விளைச்சலாக மாற்றப் பார்ப்பதில் என்ன தவறு?

அளவுகள் சேரும் இடமும் கவலைக்குரியது. 2013-ல் விதை நிறுவனமான மான்சாண்டோ, வானிலை, வயல் தரவுகளைக் கையாண்ட கிளைமேட் கார்ப்பரேஷனை 93 கோடி டாலருக்கு வாங்கியது. விவசாயத் தரவுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த விலை சொல்கிறது. எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை ஏக்கர் தக்காளி காய்க்கப்போகிறது என்பது வியாபாரிக்கு முன்கூட்டித் தெரிந்து, விளைவித்தவருக்குத் தெரியாமல் இருந்தால், பேரத்தில் யார் தோற்பார் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்கப் பண்ணையாளர் கூட்டமைப்பு 2014-லேயே, வயலில் பிறக்கும் தரவு விவசாயிக்குச் சொந்தம் என்ற கொள்கையை நிறுவனங்களோடு பேசி எழுதிவைத்தது. நம் ஊர்ச் செயலிகளில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானுக்கு மேலே இருக்கும் நிபந்தனைகள் தமிழில்கூட இருப்பதில்லை. 2018-ல் தொடங்கிய உழவன் செயலி மூலம் மானியம், வானிலை, விலை என்று விவசாயிக்குப் பல தகவல்கள் போகின்றன. அவரிடமிருந்து எடுக்கப்படும் தகவல் எங்கே போகிறது என்பதையும் அதே தமிழில் அவருக்குச் சொல்லும் கடமை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதிய கண்டுபிடிப்போ பெரிய திட்டமோ அதற்குத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் இருக்கும் அதே வகை ஈரப்பதமானி கடைகளில் கிடைக்கிறது. ஒரு கிராமத்தின் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து வாங்கலாம், தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கம் வாங்கி வைக்கலாம். நிலையத்து மானியோடு பருவத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டால் போதும். அறுத்த நெல்லைத் தார்ப்பாயில் பரப்பி, மாலையில் ஒரு கைப்பிடி அள்ளி அதில் போட்டால் 19 என்றோ 18 என்றோ எண் வரும். இன்னும் ஒரு வெயில் காய வேண்டுமா, நாளைக் காலையிலேயே வண்டிக்குச் சொல்லலாமா என்பது களத்து மேட்டிலேயே தெரிந்துவிடும்.